கணக்குக்குக் காது மட்டும் போதாது

கேள்வி: என் மகளுக்கு வயது 13. இவ்வாண்டு உயர்நிலை 1இல் சேர்ந்திருக்கிறாள். பிறவியிலேயே அவளுக்குப் பார்வை இல்லை. விரலால் தொட்டுப் படிக்கும் புள்ளி எழுத்தான பிரெய்லைத் தொடக்கநிலையில் நன்றாகவே படித்தாள். மடிக்கணினி கைக்கு வந்த பிறகு எல்லாப் பாடங்களையும் அதைப் பேசவைத்துக் கேட்டே படிக்கிறாள். பிரெய்ல் தாளைத் தொட்டுப் பல மாதங்கள் ஆகிவிட்டன. கணக்கிலும் கணினியிலும் அவளுக்கு ஆசை அதிகம். ஆனால், அல்ஜீப்ரா தொடங்கியதிலிருந்து மதிப்பெண் சரிந்துகொண்டே வருகிறது. “இந்தப் பிள்ளைக்கு எதற்குக் கணக்கும் அறிவியலும்? மொழிப் பாடங்களைப் பார்த்துக்கொள்ளட்டுமே” என்று உறவினர்கள் சொல்கிறார்கள், பள்ளியிலும் ஒருவர் அக்கறையோடு அதையே சொன்னார். கைப்பேசியே பேசும் இந்தக் காலத்தில் பிரெய்ல் இன்னும் தேவையா? பல ஆயிரம் வெள்ளி விலையுள்ள பிரெய்ல் கருவியை வாங்கத்தான் வேண்டுமா? அவளால் நிரல் எழுத முடியுமா?
— ஒரு தாய், செங்காங்

பதில்: அன்புள்ள சகோதரிக்கு வணக்கம். உங்கள் மூன்று கேள்விகளுக்கும் முதலில் நேரடியாக விடை சொல்லிவிடுகிறேன். பிரெய்ல் தேவை, மற்ற எந்தப் பாடத்தையும்விடக் கணக்குக்கு அது அதிகம் தேவை. விலையுயர்ந்த கருவியை உடனே வாங்க வேண்டியதில்லை. உங்கள் மகளால் நிச்சயமாக நிரல் எழுத முடியும். மதிப்பெண் சரிந்ததையும் பிரெய்லை விட்டதையும் நீங்கள் இரண்டு தனித்தனிச் செய்திகளாக எழுதியிருக்கிறீர்கள். பார்வையற்ற மாணவர்களுக்குக் கணக்கும் கணினியும் சொல்லித்தரும் பணியில் இருப்பவன் என்ற முறையில், அவை இரண்டும் ஒன்றோடொன்று தொடர்புடையவை என்றே எனக்குத் தோன்றுகிறது.

ஏன் என்பதை நீங்களே வீட்டில் சோதித்துப் பார்க்கலாம். “எக்ஸ் பிளஸ் ஒன் ஓவர் எக்ஸ் மைனஸ் டூ” என்று ஒருவரை வாய்விட்டுச் சொல்லச் சொல்லி, கேட்பவரை அதைத் தாளில் எழுதச் சொல்லுங்கள். எக்ஸும் ஒன்றும் சேர்ந்து மேலே, எக்ஸும் கழித்தல் இரண்டும் சேர்ந்து கீழே என்று ஒருவர் எழுதுவார். ஒன்று மட்டும் மேலே, எக்ஸ் மட்டும் கீழே, மற்றவை வெளியே என்று இன்னொருவர் எழுதுவார். இந்த ஒரே ஒலித்தொடரை நான்கு விதமாக எழுதலாம், நான்கும் வேறு வேறு கணக்குகள். பார்வையுள்ள பிள்ளை கோட்டுக்கு மேலே எது, கீழே எது என்று ஒரு பார்வையில் அறிந்துகொள்கிறது. காதால் மட்டும் கேட்கும் பிள்ளையோ முழுத்தொடரையும் நினைவில் சுமந்துகொண்டு, எது எதனோடு சேர்கிறது என்பதையும் ஊகித்து, அதன் பிறகுதான் கணக்கையே தொடங்க வேண்டியிருக்கிறது. வரலாற்றுப் பாடத்தைக் கேட்டுப் படிக்கும்போது ஒரு சொல் தவறினாலும் பொருள் விளங்கிவிடும். அல்ஜீப்ராவில் ஓர் அடைப்புக்குறி தவறினால் எல்லாம் போயிற்று. தொடக்கநிலையில் நன்றாகச் செய்த பிள்ளை அல்ஜீப்ராவில் தடுமாறுவதற்கு அவளுடைய அறிவைக் குறை சொல்ல வேண்டாம். அவளுக்குக் கணக்கு வந்துசேரும் வழியை மாற்ற வேண்டும்.

பிரெய்லில் இந்தக் குழப்பத்துக்கு இடமில்லை. பின்னம் இங்கே தொடங்குகிறது, இங்கே கோடு வருகிறது, இங்கே முடிகிறது என்பதற்கு ஒவ்வொன்றுக்கும் தனிக் குறி உண்டு. விரல் அதைத் தொட்டதும் அமைப்பு தெரிந்துவிடுகிறது. சந்தேகம் வந்தால் விரலை இரண்டு எழுத்து பின்னால் நகர்த்திப் பார்த்துக்கொள்ளலாம். இப்படி முன்னும் பின்னும் போய்வரும் வசதிதான் கணக்கைச் சிந்தித்துச் செய்ய உதவுகிறது.

பேசும் மென்பொருளை நான் குறைத்து மதிப்பிடவில்லை. புனேயில் பிறந்து மும்பை ஐஐடியில் பயின்ற டி.வி. ராமன் என்ற பார்வையற்ற கணினி அறிஞர், அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் 1994ஆம் ஆண்டு முனைவர் பட்டம் பெற்றது, கணிதக் கோவைகளை அவற்றின் அமைப்பு விளங்கும்படி ஒலியாக்கும் முறைக்காகத்தான். இன்று கணினியில் உள்ள கணித வாசிப்பு மென்பொருள்கள், அம்புக்குறி விசைகளால் ஒரு பின்னத்துக்குள்ளேயே நுழைந்து, மேல்பகுதி, கீழ்ப்பகுதி என்று தனித்தனியாகக் கேட்கவும் வழிசெய்கின்றன. இது அருமையான வசதிதான், மகள் அதையும் கற்றுக்கொள்ளட்டும். ஆனால், கேட்டு விளங்கிக்கொள்வது ஒன்று, தானே ஐந்தாறு வரிகளில் கணக்கைச் செய்துகொண்டு போவது வேறொன்று. இரண்டாவதற்கு எழுதிப் பார்க்கும் இடம் வேண்டும்.

அந்த இடத்துக்கு நான் இன்றும் முதலில் பரிந்துரைப்பது, 1951இல் உற்பத்திக்கு வந்த பெர்க்கின்ஸ் பிரெய்லர் என்ற பிரெய்ல் தட்டச்சு இயந்திரம்தான். ஆறு புள்ளிகளுக்கு ஆறு விசைகள், நடுவில் ஓர் இடைவெளி விசை, ஒரு தடித்த தாள், மின்சாரம்கூட வேண்டாம். முதல் வரியில் சமன்பாட்டை அடித்து, அடுத்த வரியில் இருபுறமும் மூன்றைக் கழித்து, அதற்கடுத்த வரியில் இரண்டால் வகுக்கும்போது, மேலே உள்ள இரண்டு வரிகளும் தாளிலேயே இருக்கின்றன. இடக்கையை மேல்வரியில் வைத்துக்கொண்டு வலக்கையால் கீழ்வரியைச் சரிபார்க்கும் பிள்ளை, கூட்டல் குறி கழித்தல் குறியாக மாறாமல் விட்டுப்போன இடத்தைத் தானே கண்டுபிடிக்கும். ஒற்றை வரி மட்டுமே காட்டும் மின்னணுக் கருவியில் இது கடினம், ஏனெனில் புதிய வரி வந்ததும் பழைய வரி மறைந்துவிடும். ஆகவே, விலைப் பட்டியலைப் பார்ப்பதற்கு முன்னால், பள்ளியில் பிரெய்லர் ஒன்று இரவல் கிடைக்குமா என்று கேளுங்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நம் தொடக்கப் பள்ளிகளில் கணக்கு என்றாலே பட்டைகளை வரைந்து விடை காணும் மாடல் முறைதான். அது முழுக்க முழுக்கக் கண்ணுக்கான முறை. காந்தப் பலகையில் பட்டைகளை ஒட்டியும் துணித் துண்டுகளை வெட்டி அடுக்கியும் அதைத் தொட்டறியும்படி செய்யலாம் என்றாலும், பார்வையற்ற பிள்ளைகளுக்கு அதில் நேரம் அதிகம் போகும். அல்ஜீப்ரா அப்படியன்று. பின்னம் உட்பட அதை இடமிருந்து வலமாக ஒரே வரியில் எழுதிவிடலாம், பிரெய்லும் அப்படித்தான் ஓடுகிறது. மற்ற பிள்ளைகள் பட்டைகளை விட்டுக் குறியீடுகளுக்கு மாறத் திணறும் இந்த ஆண்டில், உங்கள் மகளுக்கு உண்மையில் பாதை எளிதாக வேண்டும். அவள் பிரெய்லைக் கையில் வைத்திருந்தால் அது எளிதாகும் என்றுதான் நான் நம்புகிறேன்.

கணித பிரெய்லில் ஒரே ஒரு எச்சரிக்கை. உலகில் ஆங்கில வழிக் கணிதத்துக்கு இரண்டு முக்கியக் குறியீட்டு முறைகள் புழக்கத்தில் உள்ளன. ஒன்று ஒருங்கிணைந்த ஆங்கில பிரெய்ல். மற்றொன்று அமெரிக்காவில் வேரூன்றிய நெமத் முறை. முதலாவதில் எண்களுக்குத் தனி வடிவம் இல்லை. ‘ஏ’ முதல் ‘ஜே’ வரையிலான எழுத்துகளுக்கு முன்னால் எண் குறி ஒன்றைச் சேர்த்தால் அவையே 1 முதல் 0 வரை ஆகிவிடும். நெமத் முறையில் எண்கள் ஆறு புள்ளிகள் அடங்கிய பிரெய்ல் கட்டத்தின் கீழ்ப்பகுதியில் இறங்கி அமையும். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் கணிதப் பயிற்சித் தாள்களில் பல அமெரிக்காவில் உருவானவை. மகளின் ஆசிரியரிடம் எந்த முறை பின்பற்றப்படுகிறது என்று கேட்டு, அதே முறையில் அமைந்ததை மட்டும் கொடுங்கள். பழகும் பருவத்தில் இரண்டையும் கலந்தால் பிள்ளை தன்னைத்தானே சந்தேகிக்கத் தொடங்கும்.

அந்த நெமத் யார் என்பதை உங்கள் உறவினர்களுக்கு நீங்கள் சொல்லலாம். நியூயார்க்கில் 1918இல் பிறந்த ஆபிரகாம் நெமத்துக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை. அவருக்குக் கணிதத்தில்தான் நாட்டம். பார்வையற்றவருக்குக் கணிதம் சரிப்படாது என்று வழிகாட்டியவர்கள் சொன்னதால் அவர் உளவியல் படித்து முதுகலைப் பட்டமும் பெற்றார். பிறகு கணிதத்துக்கே திரும்பிவந்து, தான் படிப்பதற்காகத் தானே ஒரு குறியீட்டு முறையை உருவாக்கினார். அது 1952இல் வெளியானது. டெட்ராய்ட் பல்கலைக்கழகத்தில் அவர் நெடுங்காலம் கணிதப் பேராசிரியராக இருந்தார். அவருக்கு ஆலோசனை சொன்னவர்களும் அக்கறையோடுதான் சொன்னார்கள். உங்கள் மகளைப் பற்றி இப்போது பேசுபவர்களின் அக்கறையையும் நான் ஐயப்படவில்லை. ஆனால், 13 வயதில் ஆசையோடு ஒரு பாடத்தைப் பற்றியிருக்கும் பிள்ளையிடம், அதைப் படிக்கும் வழியைக் கொடுத்துப் பார்க்காமலே அந்தப் பாடத்தை விட்டுவிடச் சொல்வதை என்னால் ஏற்க முடியாது. உயர்நிலை 3க்கான பாடத் தெரிவு வருவதற்கு இன்னும் அவகாசம் இருக்கிறது. அதுவரை எந்தக் கதவையும் யாரும் மூட வேண்டாம்.

வரைபடங்களைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனால், அடுத்து வரப்போகும் சிக்கல் அதுதான். சூட்டில் உப்பும் தாள் ஒன்று இருக்கிறது. அதில் கறுப்பு மையால் படத்தை அச்சிட்டு ஒரு சூடேற்றும் இயந்திரத்துக்குள் செலுத்தினால், கறுப்புக் கோடுகள் மட்டும் வெப்பத்தை ஈர்த்து மேலெழும்பி நிற்கும். விரலால் தொட்டு அறியலாம். பாடநூலில் உள்ள படத்தை அப்படியே அதில் அச்சிட்டுவிட்டால் போதும் என்று பலர் எண்ணுகிறார்கள். அது போதாது. பிரெய்ல் எழுத்தைச் சிறிதாக்க முடியாது. புள்ளிக்கும் புள்ளிக்கும் ஏறத்தாழ 2.5 மில்லிமீட்டர் இடைவெளி இல்லாவிட்டால் விரலுக்கு அவை பிரிந்து தெரியா. ஆதலால், பாடநூலில் உள்ளங்கையளவு இருக்கும் ஒரு வரைபடம் இங்கே ஒரு முழுத்தாளைக் கேட்கும். கட்டக்கோடுகள் மெலிதாகவும், இரண்டு அச்சுகள் தடிமனாகவும், வளைகோடு அவற்றிலிருந்து வேறுபட்டுத் தெரியும்படியும் அமைய வேண்டும். அழகுக்காகப் போட்ட நிழலும் பொம்மையும் நீக்கப்பட வேண்டும். ஒரு படத்தில் இரண்டு செய்திகள் இருந்தால் அதை இரண்டு படங்களாகப் பிரிப்பது நல்லது. நன்றாக வரைந்த தாளில், ஒரு மாணவி வளைகோட்டின் மேல் விரலை ஓட்டிக்கொண்டே வந்து, கீழிறங்கிய கோடு திரும்பி மேலேறும் இடத்தில் நிறுத்தி, அங்கிருந்து மற்றொரு விரலை நேர்கீழாக இறக்கி அச்சில் உள்ள எண்ணைப் படிக்கும்போது, மீச்சிறு மதிப்பு என்றால் என்ன என்பதை வேறு யாரும் விளக்க வேண்டியதே இல்லை. கணினியில் டெஸ்மோஸ் என்ற இலவச வரைபடக் கணிப்பான் வளைகோட்டின் ஏற்ற இறக்கத்தை ஒலியின் ஏற்ற இறக்கமாக்கித் தருகிறது. தாளும் ஒலியும் சேர்ந்தால் இன்னும் நன்றாகப் பதியும்.

இவை எல்லாவற்றுக்கும் அடிப்படை, பாடத்தாள் உரிய நேரத்தில், உரிய வடிவில் கிடைப்பது. பள்ளியிடம் நீங்கள் கேட்க வேண்டிய உதவிகளில் இதுதான் மிகவும் பெரியது. பயிற்சித் தாளை ஒளிப்படம்போல் ஸ்கேன் செய்து அனுப்பினால், அதில் உள்ள சமன்பாடு கணினிக்கு வெறும் படம். அதைப் பேசவும் வைக்க முடியாது, பிரெய்லாகவும் மாற்ற முடியாது. வேர்ட் கோப்பில், அதற்கென்று உள்ள சமன்பாட்டுக் கருவியைக் கொண்டு ஆசிரியர் எழுதியிருந்தால், அதே கோப்பு பேச்சாகவும் மாறும், பிரெய்லாகவும் மாறும். அச்சிட்ட தாளைப் பிரெய்லாக்குபவர்களுக்குச் சில நாள்கள் முன்னதாகவே அது கிடைக்க வேண்டும். வகுப்பில் ஆசிரியர் பலகையில் எழுதும்போது “இதை இங்கே கொண்டுபோனால் இது வரும்” என்று சொல்லாமல், எழுதுவதை வாய்விட்டு முழுதாகச் சொன்னால், பின்வரிசையில் உள்ள பார்வையுள்ள பிள்ளைகளும் நன்றி சொல்வார்கள். அச்சு நூல்களைப் பார்வையற்றோர் படிக்கும் வடிவில் மாற்றவும் நாடுகளுக்கிடையே பகிர்ந்துகொள்ளவும் வழிவகுக்கும் மராகேஷ் உடன்படிக்கையில் சிங்கப்பூர் 2015இலேயே இணைந்துவிட்டது. அது 2016 செப்டம்பர் 30 முதல் நடப்பில் இருக்கிறது. ஆகவே, வெளிநாட்டில் ஏற்கெனவே பிரெய்லாக்கப்பட்ட நூல் ஏதாவது கிடைக்குமா என்று பள்ளியிடமும், தோ பாயோ ரைசில் உள்ள சிங்கப்பூர்ப் பார்வையற்றோர் சங்கத்திடமும் விசாரிப்பதில் தயக்கம் வேண்டாம்.

நிரல் எழுதுவதைப் பொறுத்தவரை, தொடக்கநிலையில் நம் பிள்ளைகள் ‘கோட் ஃபார் ஃபன்’ வகுப்பில் வண்ணக் கட்டங்களை இழுத்துப் பொருத்திப் பழகியிருப்பார்கள். சுட்டியால் இழுத்துப் பொருத்தும் அந்த முறை உங்கள் மகளுக்குக் கசந்திருக்கலாம். அதை வைத்துத் தனக்கு நிரல் வராது என்று அவள் முடிவு செய்திருந்தால் அந்த எண்ணத்தை முதலில் போக்குங்கள். பைத்தான் போன்ற மொழிகளில் நிரல் என்பது வெறும் எழுத்து. எழுத்து எதுவானாலும் பிரெய்லாக மாறும். விண்டோஸ் கணினிக்கான என்விடிஏ என்ற இலவசத் திரைவாசிப்பு மென்பொருளை 2006இல் தொடங்கிய ஆஸ்திரேலியர்களான மைக்கேல் கரன், ஜேம்ஸ் டே இருவருமே பார்வையற்றவர்கள். அந்த மென்பொருளின் பெரும்பகுதி பைத்தானில்தான் எழுதப்பட்டிருக்கிறது. மகளிடம் இதைச் சொல்லுங்கள். அவளுடைய மடிக்கணினியில் இருப்பது என்விடிஏ என்றால், அவள் நாள்தோறும் கேட்கும் குரலுக்குப் பின்னால் இருப்பவர்கள் அவர்கள்.

இங்கே இரண்டு நுட்பங்களைக் கவனிக்க வேண்டும். பைத்தானில் ஒரு வரி எத்தனை இடம் உள்தள்ளி நிற்கிறது என்பதே நிரலின் பொருளை மாற்றிவிடும். என்விடிஏ அமைப்புகளில் உள்தள்ளலைப் பேச்சாகவோ ஒலியாகவோ அறிவிக்கும் தெரிவு உண்டு; அதை முதல் நாளே இயக்கிவிடுங்கள். இரண்டாவது, சுருக்க பிரெய்லை நிரலுக்குப் பயன்படுத்தக் கூடாது. ஆங்கிலச் சுருக்க பிரெய்லில் ‘ஃபார்’ என்ற சொல் ஆறு புள்ளிகளும் நிறைந்த ஒரே கட்டமாகச் சுருங்கிவிடும். பைத்தானில் அதே சொல் ஒரு கட்டளை. அதை எழுத்து எழுத்தாகப் பார்க்கப் பழக வேண்டும். இதற்கென்றே எட்டுப் புள்ளிக் கணினி பிரெய்ல் இருக்கிறது. அதில் ஒவ்வொரு எழுத்துக்கும் குறிக்கும் ஒரே ஒரு கட்டம்தான். அடைப்புக்குறி, முக்காற்புள்ளி, அரைப்புள்ளி ஆகியவற்றைக் காதால் வேறுபடுத்திக் கேட்டுக்கொண்டிருப்பதைவிட விரலால் தொட்டறிவது எவ்வளவோ விரைவு.

அறிவியல் ஆய்வுக்கூடத்தைச் சுருக்கமாகவே சொல்கிறேன். பேசும் வெப்பமானி, தொட்டறியும் அளவுகோல், அளவுக்கேற்ப வெட்டுக்குறி இட்ட பீற்றுக்குழல் (சிரிஞ்ச்), கரைசலின் நிறமாற்றத்தை ஒலிமாற்றமாக்கும் ஒளியுணரி எனப் பல உதவிப்பொருள்கள் உள்ளன. ஆனால், அவற்றைவிட முக்கியம், கூட்டாளி செய்ய உங்கள் மகள் ஓரமாக உட்கார்ந்து குறிப்பெடுப்பவளாக மட்டும் இருந்துவிடக் கூடாது என்பது. எதை அளப்பது, எந்த வரிசையில் செய்வது என்று முடிவெடுப்பது அவளாக இருக்கட்டும். நெருப்பும் அமிலமும் வரும் இடங்களில் மட்டும் கூட்டாளியின் கண் துணையிருந்தால் போதும்.

இனி கருவிக்கு வருகிறேன். கணினியோடு இணையும் பிரெய்ல் டிஸ்பிளேயில் 20, 40 என்ற கணக்கில் கட்டங்கள் உள்ளன; ஒவ்வொரு கட்டத்திலும் எட்டு ஊசிகள் தனித்தனியே எழும்பி இறங்குகின்றன. வழக்கமான கருவிகளில் ஒவ்வோர் ஊசியையும் மின்சாரத்தால் வளையும் மெல்லிய பீங்கான் பட்டை ஒன்று இயக்குவதால்தான், கட்டங்கள் கூடக்கூட விலையும் கூடுகிறது. ஆர்பிட் ரீடர் 20 போன்ற விலை குறைந்த கருவிகளும் உண்டு. சற்று மெதுவாகவும் ஓசையோடும் இயங்கும், ஆனால் தொடங்குவதற்குப் போதும். பத்து வரிகளை ஒருங்கே காட்டும் மோனார்க், 2,400 ஊசிகளால் படமே காட்டும் டாட் பேட் போன்ற புதிய பலவரிக் கருவிகளைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருக்கலாம். வரைபடம் கற்கும் பிள்ளைகளுக்கு அவை பெரிய வரம் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆயினும், அவற்றின் விலை ஒரு குடும்பம் தானாகத் தாங்கக்கூடியதன்று; அவசரப்பட வேண்டாம்.

மகள் பிரெய்லை விட்டுப் பல மாதங்கள் ஆனதால் வேகம் குறைந்திருக்கும். அதை மீட்க, பாடமல்லாத ஏதாவது ஒன்றை, அவளுக்குப் பிடித்த கதையாகவே இருக்கட்டும், நாள்தோறும் 20 நிமிடம் தாளில் படிக்கச் செய்யுங்கள். அதே நேரம் நீங்களும் பிரெய்லைக் கண்ணால் கற்றுக்கொள்ளுங்கள். ஆங்கிலத்தின் முதல் பத்து எழுத்துகள் மேலுள்ள நான்கு புள்ளிகளுக்குள் அடங்கிவிடும். அடுத்த பத்தும் அவையே, கீழே ஒரு புள்ளி மட்டும் கூடுதல். சில மாலைப்பொழுதுகளில் பிடிபட்டுவிடும். அவள் வீட்டுப்பாடத்தில் நீங்கள் ஒரு பிழையைக் கண்டு சொல்லும் நாளில், பிரெய்ல் அவளுக்கு மட்டுமே உரிய எழுத்தாக இல்லாமல் வீட்டு எழுத்தாகிவிடும்.

ஓரிரு மாதங்களில் அவள் தாளில் தடையின்றிப் படிக்கத் தொடங்கியதும் கருவியைப் பாருங்கள். லெங்கோக் பாருவில் உடற்குறையுள்ளோருக்காக அமைந்துள்ள எனேபலிங் வில்லேஜ் வளாகத்தில் பலவகை உதவிக் கருவிகளை நேரில் தொட்டுப் பார்க்கலாம். உடற்குறையுள்ளோருக்கு உதவும் அமைப்பான எஸ்ஜி எனேபல் நிர்வகிக்கும் உதவித் தொழில்நுட்ப நிதி, குடும்ப வருமானத்தைப் பொறுத்து, கருவியின் விலையில் 90 விழுக்காடு வரை ஏற்கிறது. ஒருவருக்கு வாழ்நாள் உச்சவரம்பு 40,000 வெள்ளி. பழுதுபார்க்கவும் புதுப்பிக்கவும்கூட அதைப் பயன்படுத்தலாம் என்பதால், உயர்நிலைப் பள்ளிக்குப் பிறகு பலதுறைத் தொழிற்கல்லூரியிலோ தொடக்கக் கல்லூரியிலோ வரப்போகும் தேவைகளையும் மனத்தில் வைத்து அதைச் செலவிடுங்கள். தகுதிபெற்ற ஒருவரின் மதிப்பீடு தேவைப்படும்; ஆகவே முதலில் வாங்கிவிட்டுப் பிறகு விண்ணப்பிக்க நினைக்காதீர்கள். பள்ளி பரிந்துரைக்கும் கற்றல் சாதனம் எதுவோ, அதனோடு டிஸ்பிளே இணைந்து இயங்குகிறதா என்பதை வாங்குவதற்கு முன் மகளே இயக்கிப் பார்க்கட்டும். மதிப்பீட்டுக்குச் செல்லும்போது அவள் பிரெய்லரில் செய்த ஓர் அல்ஜீப்ராக் கணக்கையும், கணினியில் எழுதிய ஒரு சிறு நிரலையும் எடுத்துச் செல்லுங்கள். 20 கட்டம் போதுமா, 40 வேண்டுமா என்ற கேள்விக்கு, அவள் எழுதும் வரிகளின் நீளத்தைப் பார்த்தே விடை சொல்ல முடியும்.